உறை பிரிக்காத விசைப்பலகைகள்

முதலாண்டு கிர்கிஸ் மொழிவழிப் பிரிவுக்குக் கணினி அறை வேண்டும் என்று கேட்டேன். துறைக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், தலைவர் சகினாலி அகாய் தேநீரில் ஜாம் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டேன். கரண்டி நின்றது.

கேட்கக் கூடாது என்று எனக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே புருல்கான் எஜே என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பாடத்திட்டக் காகிதங்களையெல்லாம் கவனிப்பவர் அவர். எங்கள் வழக்கத்தில் பெரியவர்களை, ஆண் என்றால் அகாய், பெண் என்றால் எஜே என்போம். "இங்க பாரு பொண்ணே. லீவு கேளு. ஜன்னலோரமா மேசை கேளு. அகாய் கத்துவாரு, அப்புறம் குடுத்துடுவாரு. முந்நூத்திப் பன்னெண்டாம் அறையை மட்டும் கிர்கிஸ் பிரிவுக்குன்னு கேட்டுடாத. அத அவரு ஆய்வுக்கு வர்ற கமிஷனுக்குக் காட்டன்னு வச்சிருக்காரு."

முந்நூற்றுப் பன்னிரண்டில்தான் நல்ல கணினிகள் இருக்கின்றன. விசைப்பலகைகள் மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கும். திரைகளுக்குப் புருல்கான் எஜே தைத்துக் கொடுத்த வெல்வெட் மூடிகள். ரஷ்யப் பிரிவு மட்டும், நகரத்துப் பிள்ளைகள் என்பதால், வாரம் ஒருமுறை உள்ளே போகலாம். அப்போதும் உறையை எடுக்கக் கூடாது. கிர்கிஸ் பிரிவுக்குக் கரும்பலகை.

எனக்குத் தெரியும். அதே கட்டடத்தில் அதே கிர்கிஸ் பிரிவில்தான் நானும் படித்தேன். ஆலாய் மலையிலிருந்து ஓஷ் நகரத்துக்கு வந்து, என் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்து, இரண்டு வருடம் சாக்பீஸால் நிரல் எழுதினேன். தேர்வன்று மேசையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும், அதில் உள்ள கேள்விக்கு எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். வரிசைப்படுத்தும் நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூச்சுவிடாமல் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கினேன். அது எதை வரிசைப்படுத்துகிறது, ஏன் வரிசைப்படுத்துகிறது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். மூன்றாம் ஆண்டில் முதல்முதலாக ஒரு கணினியைத் தொட்டபோது எங்கே அமுக்கினால் அது விழிக்கும் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"கிர்கிஸ் பிரிவுக்கா?" என்றார் சகினாலி அகாய். "மலையிலேர்ந்து வர்ற பசங்க. ஆட்டுக் கொழுப்பு ஒட்டின விரலோட வந்து உக்காருவாங்க. ஒரு மாசத்துல மிஷின் எல்லாம் லாயமாயிடும்."

"நானும் மலைதான் அகாய்."

"அதான் பாத்தாலே தெரியுதே."

எல்லோரும் சிரித்தார்கள். புருல்கான் எஜே மட்டும் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

அன்றைக்கு அகாய் என்னை வெளியே அனுப்பியிருப்பார். ஆனால் அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. அறிமுகக் கணினிப் பாடத்தைப் புதிதாக எழுத வேண்டும் என்று அமைச்சகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. வசந்தத்தில் கமிஷன் வந்து பார்க்கும். இருந்த பாடம் அவர் எழுதியது. அவர் எழுதியபோது நான் பிறக்கவில்லை. துறையில் புதிதாக எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் தலைநகரத்துக்கோ மாஸ்கோவுக்கோ போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நான்.

"சரி," என்றார். "நீ எழுது. கிர்கிஸ் பிரிவை வச்சே கமிஷன் முன்னாடி திறந்த வகுப்பு ஒண்ணு நடத்து. அவங்க ஒத்துக்கிட்டா அறை தர்றேன். எல்லாரும் கேட்டுக்கங்க, இவ நாளைக்கு நான் சொல்லலன்னு சொல்லக் கூடாது."

எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். குளிர்காலம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை நம்பி எழுதினேன்.

முதலில் வெட்டினேன். கணினியின் வரலாறு, எந்த ஆண்டில் எந்த இயந்திரம், அதன் எடை எத்தனை டன், எல்லாம் போயிற்று. மூன்று வாரம் ஒன்றும் பூஜ்யமுமாக எண்களை மாற்றிக்கொண்டிருப்பது போயிற்று. பெட்டி பெட்டியாகப் படம் வரைந்து அம்புக்குறி போடுவதும் போயிற்று. எது இல்லாமல் ஒரு பிள்ளைக்கு நிரல் எழுத வராதோ அதை மட்டும் வைத்தேன். முதல் நாள் மாணவர்களுக்குக் கையில் கிடைப்பது கெட்டுப்போன ஒரு நிரல். அதை ஓட்டிப் பார்க்க வேண்டும், அது ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். சரியான நிரலை முதலில் காட்டினால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். நாங்கள் அப்படிப் பழக்கப்பட்டவர்கள். கெட்டதை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்து என்ன பயன்? தேர்வும் கணினி முன்தான். சீட்டு கிடையாது.

துறைக் கோப்புக்கென்று நான் கொடுத்த முதல் பக்கத்தைப் படித்துவிட்டுப் புருல்கான் எஜே கண்ணாடியைக் கழற்றினார்.

"குறிக்கோள்னு போட்டு என்ன எழுதியிருக்க? 'மாணவர் தவறு செய்வார்.' இது என்னடி?"

"அதான் குறிக்கோள் எஜே."

"மாணவர் அறிவார், மாணவர் புரிந்துகொள்வார், அப்படித்தான் எழுதணும். இருபது வருஷமா அப்படித்தான் எழுதறோம்."

"இருபது வருஷமா யாராவது அறிஞ்சாங்களா?"

"வாய். வாயாலதான் நீ கெடப்போற." அந்த வரியை அடித்து 'மாணவர் தவறுகளை அறிவார்' என்று எழுதினார். சரி, அவர் திருப்திக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் பக்கத்தை யார் படிக்கப்போகிறார்கள்?

கமிஷன் வருவதற்கு முந்தைய வாரம் சகினாலி அகாய் கூப்பிட்டார். மேசையில் என் வகுப்பின் மாணவர் பெயர்கள்.

"ஒத்திகை எப்போ?"

"எதுக்கு அகாய்?"

"எதுக்காவா? யார் எந்தக் கேள்விக்கு எந்திரிக்கணும், என்ன சொல்லணும், எல்லாம் முன்னாடியே குடுத்திடு. நல்லா பேசற நாலு பேரை முன் வரிசையில போடு. இந்த அக்மரால்..." பெயரில் விரலை வைத்தார். "காரா குல்ஜா மலைக்காரிதானே? வாயத் திறந்தா மலைப் பேச்சுத்தான் உருண்டு வரும். அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

"அவளுக்குக் காய்ச்சல் இல்லையே."

"வர வை."

எங்கள் துறையில் திறந்த வகுப்பு என்றால் இதுதான். கேள்வியும் பதிலும் முந்தைய நாளே கைக்கு வந்துவிடும். பின்னால் அமர்ந்திருக்கும் விருந்தாளிகளுக்கும் அது தெரியும், அவர்களும் தங்கள் ஊரில் அப்படித்தான் நடத்துகிறார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

"ஒத்திகை பாத்தா இந்தப் பாடமே செத்துடும் அகாய். தப்பு அவங்களா பண்ணணும். தப்பை ஒத்திகை பாக்க முடியுமா?"

"கமிஷன் முன்னாடி தப்பு பண்ணப்போறாங்களா?" அவர் முகம் நிஜமாகவே வெளுத்தது. "திரையில செவப்பு எழுத்து வரும், அதை அவங்க பாப்பாங்க, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்?"

"வரணும். வரலன்னா வகுப்பே இல்ல."

"நடத்து. கவுந்தா நீ மட்டும் கவுழுவ, ஞாபகம் வச்சுக்க. எனக்கு இது தெரியாது, நான் கேள்விப்படவே இல்ல."

அக்மராலை முன் வரிசையில் நடுவில் உட்காரவைத்தேன். வேண்டுமென்றேதான்.

கமிஷன் என்று வந்தது மூன்று பேர். தலைவி நூர்ஜமால் எஜே, தலைநகரத்துப் பேராசிரியை, சாம்பல் நிறக் கோட்டு, யாரிடமும் சிரிக்காத முகம். மற்ற இருவரும் அவர் திரும்பினால் திரும்பினார்கள். வெல்வெட் மூடிகள் அகற்றப்பட்டிருந்தன. என் பிள்ளைகள் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. கதவருகே காலணியைக் கழற்றலாமா என்று ஒருவன் என்னைக் கண்ணால் கேட்டான்.

உட்கார்ந்தார்கள். அக்மரால் விசைப்பலகையைத் தொட்டாள், உறை வழுக்கியது. இன்னொரு தடவை தொட்டாள். பிறகு ஓரத்தை நகத்தால் நிமிண்டி ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்த அமைதியில் பிளாஸ்டிக் பிரியும் சத்தம் துணி கிழிவது போலக் கேட்டது. சகினாலி அகாய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கமிஷனைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். அக்மராலைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் இழுத்தாள். அப்புறம் அறை முழுக்க அதே சத்தம். நான் தடுக்கவில்லை.

நான் கொடுத்த நிரல் ஒரு வாடகை வண்டி. ஓஷ் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டி, ஆள் நிரம்பினால் குல்சா என்ற ஊருக்குக் கிளம்பும். ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் ஓட்டுநர் "குல்சா!" என்று ஒரு தடவை கத்த வேண்டும். நான்கு பேர் ஏறியதும் நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். இதில் இரண்டு இடத்தில் கெடுத்து வைத்திருந்தேன்.

ஓட்டினார்கள். முதலில் சிவப்பு எழுத்து வந்தது, ஏறக்குறைய எல்லாத் திரையிலும், தட்டச்சு செய்தபோது அவரவர் விட்ட கைப்பிழையால். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியும். "செவப்பு எழுத்து வந்தா பயப்படாதீங்க," என்றேன். "அது எந்த வரின்னு சொல்லும். அந்த வரிக்குப் போங்க." போனார்கள். திருத்தினார்கள். அப்போது அக்மராலின் திரையில் ஓட்டுநர் கத்தத் தொடங்கினார். குல்சா, குல்சா, குல்சா. நிற்கவேயில்லை. திரை அருவி மாதிரி ஓடியது.

"எஜே, இவன் வாய மூட மாட்டேங்கிறான்!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "அவன் பேருந்து நிலையத்துல நிக்கிற ஆளேதான்," என்றான் எர்மெக். குல்சாக்காரன் அவன்.

"ஏன் மூட மாட்டேங்கிறான்?" என்று கேட்டேன்.

அக்மரால் திரையையே பார்த்தாள். உதடு அசைந்தது. காரா குல்ஜா உச்சரிப்பு முழுசாக வெளியே வந்தது. "ஆளு ஏறுறாங்க. ஆனா இவன் எண்ணல. எண்ணிக்கை பூஜ்யத்துலயே நிக்குது. வண்டி காலியா இருக்குன்னே நினைச்சிட்டிருக்கான்."

"அப்ப?"

"ஒருத்தர் ஏறினா ஒண்ணு கூட்டுன்னு ஒரு வரி சேக்கணும்." சேர்த்தாள். ஓட்டினாள். நின்றது. அவள் கையைத் தட்டவில்லை, சிரிக்கவில்லை. சட்டென்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க நான் எழுதியது அந்த ஒரு நிமிர்வுக்காக.

"ஆனா அஞ்சு தடவை கத்துது," என்றாள் பக்கத்தில் இருந்தவள். அது நான் வைத்த இரண்டாவது பிழை.

"அது தப்பில்ல எஜே," என்றான் எர்மெக். "எங்க மாமா வண்டி அஞ்சு பேரோடதான் கிளம்பும். அஞ்சாவது ஆளு மடியில."

"நாலுன்னுதானே கேட்டிருக்கு?"

"நாலுன்னு போலீஸ்கிட்ட சொல்றது. உள்ள அஞ்சு."

"அப்ப நிரல்ல அஞ்சுன்னே எழுதித் தொலையேன்," என்றாள் அக்மரால். "நாலுன்னு எழுதிட்டு அஞ்சு ஏத்தினா அது நிரலா, உங்க மாமாவா?"

நூர்ஜமால் எஜே சிரித்தார். சாம்பல் கோட்டு குலுங்கியது. எழுந்து வந்து அக்மராலின் பின்னால் நின்று, எந்தக் குறியீட்டை மாற்றினால் ஐந்து நான்காகும் என்று கேட்டார். அக்மரால் திரும்பிப் பார்க்காமலே மாற்றிக் காட்டினாள். "இத நான் தலைநகரத்துலயே பாத்ததில்ல," என்றார் நூர்ஜமால் எஜே, என்னிடம் இல்லை, சகினாலி அகாயிடம்.

"நம்ம துறையோட முயற்சிதான்," என்றார் அகாய்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதன் பின் விருந்து. துறை அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு விரிப்பு விரித்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகள், உலர்பழம், வேகவைத்த ஆட்டிறைச்சி. துறையில் வயதில் சிறிய பெண் நான், ஆகவே தேநீர் ஊற்றுவது என் வேலை. பாடத்தை எழுதியவளும் நான்தான் என்பது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கெட்டிலோடு மேசையின் ஓரத்தில் நின்றேன். கிண்ணம் காலியாகி வந்தால் கொஞ்சமாக ஊற்றித் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும், மறுபடி மறுபடி கேட்கும்படி. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். குழந்தைக்கும் தெரியும்.

நூர்ஜமால் எஜே பாடத்தை ஒப்புக்கொண்டதாக அறிவித்தார். கை தட்டினார்கள். சகினாலி அகாய் எழுந்தார்.

"செப்டம்பர்லேர்ந்து புதுப் பாடம்," என்றார். "முந்நூத்திப் பன்னெண்டுல. முதல்ல ரஷ்யப் பிரிவுக்கு, முன்மாதிரியா. கிர்கிஸ் பிரிவுக்கும் இதே பாடம்தான், வகுப்பறையில, கோட்பாட்டு வடிவத்துல. ஜிபார் இந்த நிரல்களை வச்சே முப்பது சீட்டு தயார் பண்ணிடுவா. என்ன ஜிபார்?" என்று என் பக்கம் திரும்பினார்.

கெட்டில் கையில் சுட்டது.

"அகாய், அறை தர்றேன்னீங்க."

"தந்தாச்சே. பாடத்துக்கு."

"கிர்கிஸ் பிரிவுக்குன்னு சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க."

எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். ஒருவர் எலும்பை மிக அக்கறையாகத் திருப்பினார்.

"இன்னைக்கு உன் பசங்க உறையைப் பிச்சு எறிஞ்சதப் பாத்தேல்ல?" என்றார் சிரித்துக்கொண்டே. "ஒரே நாள்ல இந்தக் கோலம். வருஷம் முழுக்க விட்டா என்னாகும்?"

நான் நூர்ஜமால் எஜே பக்கம் திரும்பினேன். "எஜே, இன்னைக்கு நீங்க பாத்தது கிர்கிஸ் பிரிவு. நீங்க சிரிச்சது அந்தப் பொண்ணைப் பாத்து. அவளுக்கு அறை கிடையாதாம்."

அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். "யாருக்கு எந்த அறைங்கிறது உங்க உள்விஷயம் பொண்ணே. நாங்க பாடத்தைத்தான் பாப்போம். பாடம் நல்லாருக்கு."

"கரும்பலகையில வண்டி ஓடுமா எஜே?"

"ஜிபார்," என்றார் புருல்கான் எஜே பல்லைக் கடித்துக்கொண்டு. "விருந்தாளி கிண்ணம் காலியா இருக்கு."

அந்த நேரத்தில்தான் அது என் கண் முன்னால் வந்தது. அடுத்த ஜனவரி. மேசை மேல் கவிழ்த்த சீட்டுகள். புதிதாக வந்த ஒரு மலைப் பெண் ஒன்றை எடுத்துப் புரட்டி, எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குல்சா வண்டி நிரலை முதல் வரியிலிருந்து ஒப்பிக்கிறாள். நான் கெடுத்து வைத்த வரிகளோடு சேர்த்து ஒப்பிக்கிறாள். முழு மதிப்பெண் வாங்குகிறாள். அந்தச் சீட்டை எழுதியது நான்.

முடிவு அங்கேயே எடுத்துவிட்டேன்.

சகினாலி அகாயின் கிண்ணத்தை எடுத்தேன். ஊற்றினேன். கால் கிண்ணம், அரை, முக்கால். நிறுத்தவில்லை. விளிம்பு வரை வந்து, தேநீர் மேலே மெல்லிய வளைவாக நின்றது. அதை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

கமிஷனின் மற்ற இரண்டு பேரில் ஒருவர் வாயில் போட்ட போர்சோக்கை மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன பண்ணித் தொலைச்ச?" என்றார் புருல்கான் எஜே, மெதுவாக.

அகாய் சிரிக்க முயன்றார். "பொண்ணுக்குக் களைப்பு. அளவு தெரியல."

"அளவு தெரியும் அகாய்."

"என் துறையில, என் மேசையில, என்னைப் போகச் சொல்றியா நீ?" கழுத்து சிவந்துவிட்டது. "யாருடி நீ? ஆலாயில உங்கப்பன் குதிரை ஓட்டறான்."

"லாரி ஓட்டறாரு. எத்தனை ஆள் ஏறினாங்கன்னு சரியா எண்ணுவாரு." கெட்டிலை அவர் கையருகே வைத்தேன். "சீட்டு நான் எழுத மாட்டேன். பயிற்சிகள், திருத்துற நிரல், வாரவாரம் எழுதின குறிப்புகள் எல்லாம் எங்கிட்டதான் இருக்கு, உங்ககிட்ட இருக்கறது முதல் பக்கம் மட்டும்தான். செப்டம்பர்ல உங்க பழைய பாடத்தையே நடத்துங்க. அத நடத்த உங்களுக்கு மிஷின் வேண்டாம், நானும் வேண்டாம்."

"ரஷ்யப் பிரிவுப் பசங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். அவர்களும் பிள்ளைகள்தான், அவர்களுக்கும் இந்தப் பாடம் பிடித்திருக்கும். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் இத்தனை வருடமும் அந்தக் கதவைப் பூட்டினார்கள்.

"இது துறையோட சொத்து!" என்றார் அகாய். "வேலைநேரத்துல எழுதினது! நீ வெளிய போனா இந்த நகரத்துல எந்தப் பல்கலைக்கழகமும் உன்னை வாசல்ல நிக்கவிடாது, நான் ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணுவேன்."

"பண்ணுங்க."

கோட்டை எடுத்துத் தோளில் போட்டேன். நூர்ஜமால் எஜே என்னைப் பார்க்கவில்லை, விளிம்பு வரை நிரம்பியிருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் தொடவில்லை. தொட்டால் சிந்தும்.

"ஜிபார், உக்காரு, மன்னிப்புக் கேளு, முடிஞ்சிடும்," என்றார் புருல்கான் எஜே. குரலில் கோபம் போய் வேறெதுவோ வந்திருந்தது. "இப்படி எந்திரிச்சுப் போனா எங்க போவ?"

கதவைத் திறந்தேன்.

"அப்ப தேநீர் யார் ஊத்தறது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.